அழுத்தினால் மறையாத சிவப்பு

உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை, குழாய்ச் சத்தம்கூட இல்லை, லோகநாதன் மனைவியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொள்வதா கையில் தொங்கவிடுவதா என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்தபடி அந்த நீல பிளாஸ்டிக் கதவைப் பார்த்து நின்றார். ஈரோட்டில் ஆஸ்பத்திரிகள் வரிசையாக நிற்கிற தெருவில், மாடியில் இருந்தது அந்த லேப். கீழே கிட்னி டாக்டர், மேலே ரத்தமும் சிறுநீரும் பார்க்கிற இடம், நடுவில் லிஃப்ட் இருந்தும் ஓடவில்லை. வசந்தாமணி வீங்கிய காலோடு படியேறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதத்தையும் வைத்துத்தான் அடுத்த படிக்குப் போனாள், கையைப் பிடிக்கப் போனவரிடம் வேண்டாமுங்க என்றாள், கோபமாகச் சொல்லவில்லை, சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் ரசம் என்றால் வேண்டாமுங்க என்பாளே அந்த மாதிரி. கவுன்டரில் இருந்த பெண் பெயர் ஒட்டிய சின்ன டப்பாவைக் கொடுத்து, பாத்ரூமில் லைட் போயிருச்சுங்கக்கா, மேல சின்ன ஜன்னல் இருக்குது, வெளிச்சம் வரும், பார்த்துப் போங்க என்றாள். வசந்தாமணி டப்பாவை வாங்கிக்கொண்டு பையை இவரிடம் நீட்டினாள், நொண்டி நொண்டி உள்ளே போனாள், தாழ்ப்பாள் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. இனி அந்தக் கதவு திறக்கும், அவள் கையில் டப்பா இருக்கும், டப்பாவில் இருப்பது வைக்கோல் நிறத்தில் இருந்தால் ஒரு வாழ்க்கை, கறுத்திருந்தால் வேறொரு வாழ்க்கை. நேற்று தோல் டாக்டரம்மா அப்படியொன்றும் நாடகமாகச் சொல்லவில்லை. ரத்தக்குழாய் வீங்கியிருக்கு, மருந்து ஒத்துக்காம வந்தது, தோலோட நின்னுட்டா பயமில்லை, கிட்னிக்குள்ள போயிருந்தா வேற மாதிரி பார்க்கணும், இன்னிக்கே யூரின் லேசா நிறம் மாறியிருக்கு, நாளைக்குக் காலையில முதல் யூரின் எப்படி இருக்குன்னு பாருங்க, நிறம் கறுத்துட்டே போகுதான்னு கவனிங்க, என்றுதான் சொன்னார். கண்ணாடித் துண்டை எடுத்து வசந்தாமணியின் முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்திக் காட்டினார். சாதாரணத் தடிப்பாக இருந்தால் அழுத்தும்போது வெளுக்கும், இது வெளுக்காது பாருங்க, ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிஞ்சு நிக்குது. வெளுக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே அந்தப் புள்ளிகள் இன்னும் தெளிவாக, சிமென்ட் தரையில் விழுந்து நசுங்கிய நாவல்பழம் மாதிரி, அங்கேயே இருந்தன. லோகநாதன் தலையாட்டினார். அவருக்கு அது தெரிந்த விஷயம் என்று டாக்டரம்மா நினைத்திருப்பார், மருந்துக் கம்பெனிக்காரர்தானே. தெரிந்த விஷயம். அங்கேதான், அந்த இரண்டு சொல்லில்தான், நேற்றிலிருந்து அவர் சிக்கிக் கிடக்கிறார்.

பை கனமில்லை. முப்பது வருஷமாகக் கையில் இருந்த பையோடு ஒப்பிட்டால் இது காற்று. அந்தப் பையில் மருந்துப் படங்கள் அச்சடித்த வழவழப்பான அட்டைகள், பேனாக்கள், டாக்டர் மேசையில் வைக்கிற காலண்டர், அடியில் சாம்பிள் மாத்திரைகள், எல்லாம் சேர்ந்து வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கிப்போய்விட்டது, தையல்காரர்கூடச் சொல்வார், ஒரு பக்கம் சரிஞ்சிருக்குதுங்க, பஞ்சு வெச்சுத் தெச்சுக் குடுக்கட்டுங்களா என்று. ஒரு டாக்டரிடம் நிற்கக் கிடைப்பது ஒன்றரை நிமிஷம். அதற்குள் மருந்தின் பெயரை மூன்று தடவை சொல்லிவிட வேண்டும், கடைசி வாக்கியத்தில் குரலை அரைப்படி இறக்க வேண்டும், இறக்கினால்தான் நம்பிக்கை வரும். கோர்ஸை முடிக்கச் சொல்லுங்க டாக்டர், பாதியில நிறுத்திடறாங்க, அதனாலதான் கிருமி பழகிப்போகுது. இது பொய்யில்லை. இதைத்தான் எல்லா டாக்டரும் சொல்கிறார்கள், புத்தகமும் சொல்கிறது. மேல்வீட்டு மனோன்மணியக்கா காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று தெரிந்து மாடியேறிப் போய்ச் சண்டை போட்டவர் லோகநாதன். மச்சினனுக்குப் புண் ஆறிய பிறகும் மீதியைப் போடச் சொல்லி போனில் மிரட்டியிருக்கிறார். தெருவே மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறது, ஊரே நிறுத்துகிறது, அவர் வீட்டில் மட்டும் யாரும் நிறுத்தியதில்லை. அது ஒரு பெருமை. வசந்தாமணியின் கடைவாய்ப் பல் வீங்கிக் கன்னம் உப்பியபோது, பல் டாக்டரிடம் போகலாமுங்களா என்று அவள் கேட்டாள். எதுக்கு, அவன் பிடுங்கணும்பான், முதல்ல வீக்கம் வத்தட்டும் என்று பையின் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அவள் எந்த மாத்திரை, எதற்கு என்று கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. உள்ளங்கையைக் குழித்து நீட்டுவாள், பார்வை வேறெங்கோ இருக்கும், அடுப்பிலோ டிவியிலோ. உள்ளங்கையில் மாத்திரை விழும், வாயில் போடுவாள், தண்ணீர். பூனாவிலிருந்து மகள் போன் பண்ணினால், அம்மா மாத்திரை போட்டியா என்றுகூடக் கேட்கமாட்டாள், அப்பா இருக்கறாங்கல்ல, மருந்து விஷயமெல்லாம் அப்பா பார்த்துக்குவாங்க என்பாள். அந்தக் குழித்த உள்ளங்கை. நேற்றிலிருந்து அது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ரேகைகளோடு, மஞ்சள் கறையோடு, பூமியில் யாரும் யாரையும் அப்படி நம்பக்கூடாது என்று தோன்றுகிற அளவுக்கு அகலமாக.

வீக்கம் வற்றியது. பல் சரியானது. அதுதான் வேடிக்கை, மருந்து வேலை செய்தது. பல்லைப் பற்றி இரண்டு பேருமே மறந்துவிட்ட ஒரு சாயங்காலம், வசந்தாமணி சமையலறை வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், இவர் நாற்காலியில் இருந்தபடி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், என்ன பார்த்தார் என்பது ஞாபகமில்லை, ஆனால் கீரைக்காம்புகள் செய்தித்தாளில் விழுகிற சத்தம் ஞாபகம் இருக்கிறது. ஏனுங்க, இதென்ன பாருங்க, கொசு கடிச்ச மாதிரி இருக்குது, ஆனா அரிக்கல. சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கினாள். சிவப்புப் புள்ளிகள், குண்டூசித் தலை அளவு, சில இடத்தில் இரண்டு மூன்று சேர்ந்து. லோகநாதன் எழுந்துபோய்க் குனிந்தார். குனிந்து, கட்டைவிரலை ஒரு புள்ளியின் மேல் வைத்து அழுத்தினார். எடுத்தார். புள்ளி அப்படியே இருந்தது. வேர்க்குரு, என்றார், இந்த வெயிலுக்கு வராம என்ன பண்ணும், பவுடர் போடு. அவள் சேலையை இறக்கிக்கொண்டாள். இந்த மாத்திரையால இருக்குமுங்களா, என்று அவள் கேட்டாளா? கேட்டாள். கேட்டாள் என்றுதான் நினைக்கிறார். அல்லது, மாத்திரையை நிறுத்தட்டுங்களா, பல்தான் சரியாயிருச்சே, என்று கேட்டிருக்கலாம். எதைக் கேட்டிருந்தாலும் இவர் சொன்ன பதில் ஒன்றுதான், அதில் சந்தேகமே இல்லை, அது இப்போதும் காதில் அரைப்படி இறங்கிய குரலில் கேட்கிறது: இன்னும் மூணு நாள்தான், கோர்ஸை முடிச்சிடணும் புள்ள. ராத்திரி மாத்திரையை அவரே பிதுக்கிக் கொடுத்தார். அடுத்த நாள் புள்ளிகள் முழங்காலுக்கு ஏறின. அதற்கடுத்த நாள் கணுக்கால் வீங்கி மூட்டு வலித்தது. மாத்திரை தீர்ந்த அன்று தொடை வரைக்கும் வந்துவிட்டது. சரி, வேர்க்குரு என்று நினைத்தார். நினைத்தாரா? வேர்க்குரு என்று நினைத்த ஆள் எதற்குக் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்? வேர்க்குருவை யார் அழுத்திப் பார்ப்பார்கள்? சொறிவார்கள், ஊதுவார்கள், பவுடர் போடுவார்கள். அழுத்தி, எடுத்து, வெளுக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். கட்டைவிரலுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டைவிரலுக்குத் தெரிந்தது அதன் சொந்தக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? அல்லது அது வெறும் அழுத்தல்தானா, மாம்பழத்தை அழுத்துகிற மாதிரி, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று அழுத்தியதா? அந்த ஒரு நொடிக்குள் திரும்பிப் போக முடிந்தால் போதும், அதற்குள் என்ன இருந்தது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவார், எதையும் மாற்றக்கூட வேண்டாம்.

ஒரு படம் இருக்கிறது. அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் பயிற்சி நடந்தது, மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டு எல்லோருக்கும் கண் சொக்குகிறது, திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டாக்கிப் படங்கள் போடுகிறார்கள். பக்கவிளைவுகள். வயிற்றுப்போக்கு, வாந்தி, தடிப்பு, பிறகு ஒரு படம்: இரண்டு கால்கள், முகமில்லாமல், முழங்காலுக்குக் கீழே சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள். யாரோ பின்வரிசையிலிருந்து, யாரு கால் மச்சான், நம்ம மேனேஜரு காலா, ஃபீல்டுல நடந்து நடந்து இப்படி ஆயிருச்சா என்று சொன்னான், ஹால் முழுக்கச் சிரித்தது, பாடம் நடத்தியவரும் சிரித்தார். இது ரொம்ப அபூர்வம், டாக்டர் கேட்டா மட்டும் சொல்லுங்க, கேக்கலன்னா நீங்களா ஆரம்பிக்காதீங்க. அடுத்த படம். அவ்வளவுதான் அது. லோகநாதனும் சிரித்தார், அந்தச் சிரிப்பு தொண்டையில் எப்படி இருந்தது என்பதுகூட ஞாபகம் வருகிறது. ஆனால் திரைச்சீலை என்ன நிறம்? ராத்திரி யோசித்தபோது பழுப்பு. விடியற்காலையில் யோசித்தபோது பச்சை. இப்போது யோசித்தால் திரைச்சீலையே இல்லை, ஜன்னல் வழியாக வெயில் அடிக்கிறது, வெயில் அடிக்கிற ஹாலில் எப்படிப் படம் போட்டிருக்க முடியும்? அப்படியானால் அந்தப் படத்தை அவர் எங்கே பார்த்தார்? பார்த்தாரா? நேற்று டாக்டரம்மாவின் அறையில் வசந்தாமணியின் காலைப் பார்த்த பிறகு மனம் தானாக ஒரு ஹாலைக் கட்டி, தயிர்சாதம் போட்டு, பின்வரிசையில் ஒருவனை உட்காரவைத்துச் சிரிக்கவும் வைத்துவிட்டதா? இன்னும் மோசம், இப்போது அந்தப் படத்தை நினைத்தால் அந்தக் கால்விரல்களில் மெட்டி இருக்கிறது. வசந்தாமணியின் மெட்டி, மூன்று சுற்று, நடுச்சுற்றில் ஒரு நெளிவு. முப்பது வருஷத்துக்கு முன்னால் எந்த நாட்டிலோ எடுத்த படத்தில் அவளுடைய மெட்டி எப்படி வரும். ஆக ஞாபகம் கெட்டுவிட்டது, சாட்சி கெட்டுவிட்டது, இனி எத்தனை தடவை கூப்பிட்டு விசாரித்தாலும் அது புதிது புதிதாகத்தான் சொல்லும். தெரிந்தே கொடுத்தேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. தெரியாமல் கொடுத்தேன் என்று சொன்னாலும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, வேலைக்குப் போகிற ஆட்கள் வாழ்நாள் முழுக்க வசதியாகக் குடியிருக்கிற இடம், கேட்டால் மட்டும் சொல்கிற இடம்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், கையில் ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், வாயைத் திறந்தார். பொண்டாட்டி பையுங்களா? லோகநாதன் ஆமாம் என்று தலையாட்டினார். தூக்குங்க, தூக்குங்க, என்றார் பெரியவர், எம்பட ஊட்டுக்காரி பையை அவ இருந்தவரைக்கும் நான் தொட்டதில்ல, அதுக்குள்ள என்னதான் வெச்சிருந்தாளோ தெரியல, போனப்பறம் தொறந்து பார்த்தா பாதி முறுக்கு இருக்குது, எங்கயோ கல்யாணத்துல குடுத்தது. சொல்லிவிட்டுத் தானே சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. லோகநாதனும் சிரிக்க முயன்றார். போனப்பறம். அந்தச் சொல் நடைவழியிலேயே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. இவர் பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார், உள்ளே ஏதோ நெறுநெறுத்தது. ஜிப் அறுந்துபோன பை, ஊக்கு குத்தி வைத்திருக்கிறாள். விரலை நுழைத்தால் மூக்குக்கண்ணாடிக் கூடு, கோயில் திருநீறு மடித்த காகிதம், ஓரத்துச் சின்ன அறையில் டிஷ்யூ பேப்பரில் சுற்றிய சின்ன உருண்டை. மெட்டி. நேற்றுக் கால்விரல் வீங்கி மெட்டி தசைக்குள் இறங்க ஆரம்பித்தபோது டாக்டரம்மாவின் நர்ஸ் கழற்றச் சொன்னாள், வசந்தாமணி மாட்டேன் என்றாள், அவரு இருக்கறப்ப எப்படிங்க என்று ஒரு குழந்தை மாதிரி நர்ஸைப் பார்த்துக் கேட்டாள். கடைசியில் லோகநாதனே தரையில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவித் திருகித் திருகிக் கழற்றினார், புருஷன் கையால கழட்டுனா தோஷமில்லீங்கக்கா என்று நர்ஸ் அந்த நேரத்துக்கு ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கிச் சொன்னாள், வசந்தாமணி கூரையைப் பார்த்துக்கொண்டு அழாமல் இருந்தாள். மெட்டி கழன்ற இடத்தில் வெள்ளை வளையம். உடம்பில் வெளுத்திருந்த ஒரே இடம் அதுதான். விரல் அதைத் தாண்டிப் போய் வேறொன்றில் பட்டது, நெறுநெறுத்தது அதுதான், மாத்திரை அட்டை. காலி அட்டை. கிட்னி டாக்டர்கிட்டப் போறப்ப நீங்க சாப்பிட்ட மாத்திரை அட்டையைக் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க என்று டாக்டரம்மா சொன்னதை மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள். எல்லாக் குழியும் நசுங்கியிருக்கிறது, ஒன்றுகூட மிச்சமில்லை, ஒழுங்கான நோயாளி. பின்பக்கம் சின்ன எழுத்தில் டாக்டர்களுக்கான சாம்பிள், விற்பனைக்கு அல்ல. கீழே இருக்கிற கிட்னி டாக்டருக்கு லோகநாதனை நன்றாகத் தெரியும், மாசம் தவறாமல் வந்து நிற்கிறவர்தானே. அவர் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். நேற்று டாக்டரம்மா, யார் குடுத்த மாத்திரை என்று கேட்டபோது லோகநாதனுக்கு இருமல் வந்தது, நிஜமாகவே வந்தது, வசந்தாமணி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஊட்டுல இருந்துச்சுங்க என்றாள். ஊட்டுல இருக்கறதையெல்லாம் எடுத்துச் சாப்பிடுவீங்களாம்மா, படிச்சவங்கதானே நீங்க, என்று திட்டு அவளுக்குத்தான் விழுந்தது. அவள் வாங்கிக்கொண்டாள், உள்ளங்கையைக் குழித்து வாங்குகிற மாதிரியே. லோகநாதன் அட்டையை உருவி எடுத்தார். என்ன செய்வதற்கு எடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. கட்டைவிரலுக்குத் தெரிந்திருக்கலாம். அட்டை சட்டைப்பைக்குள் போய்விட்டிருந்தது.

லோகு சார்! என்ன சார், நீங்க இங்க? படியேறி வந்தது பிரான்சிஸ், வேறு கம்பெனி, பத்து வருஷமாக அதே தெருவில் எதிரெதிரே வேலை பார்க்கிற ஆள், வியர்வையில் டை ஒரு பக்கம் திரும்பியிருந்தது, தோளில் பை. லேடீஸ் பேக்கா சார், புது கம்பெனி பையா, நல்லாத்தான் இருக்கு, எங்களுக்கும் சொல்லி வாங்கிக் குடுங்க, என்று சிரித்தவன் லோகநாதனின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினான். யாருக்கு சார்? வீட்டம்மாவுக்கா? லோகநாதன் கதவைக் காட்டினார். கால்ல ஸ்பாட்ஸ், ரத்தக்குழாய் வீக்கம், வாஸ்குலைட்டிஸ்ங்கறாங்க, மருந்தால வந்தது, கிட்னி பார்க்கணுமாம். அவருடைய குரல் டாக்டர் அறையில் மருந்து விளக்குகிற குரலாகவே இருந்தது, அதைக் கேட்டு அவருக்கே கூசியது. பிரான்சிஸ் அடடா என்றான். என்ன மருந்து சார், யார் எழுதினது? இதற்கு ஒரு நொடிதான் இருந்தது. நொடிக்குள் கோயம்புத்தூர் ஹால் வந்தது, திரைச்சீலை வந்தது, நிறமில்லாமல். தெரியல பிரான்சிஸ், பல்வலின்னு கடையில கேட்டு வாங்கிப் போட்டிருக்கா, எனக்கே அப்புறம்தான் தெரியும். சொல்லி முடித்ததும் அது நடந்ததுபோலவே இருந்தது, வசந்தாமணி மருந்துக்கடை முன்னால் நிற்பதும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பதும், கடைக்காரன் அட்டையைக் கத்தரிப்பதும். பிரான்சிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் கடைக்காரனுங்களைத் தூக்கி உள்ள போடணும் சார், மிட்டாய் மாதிரி குடுக்கறானுங்க, உங்க வீட்டுலயே இப்படின்னா பாமர ஜனங்க என்ன பண்ணுவாங்க சொல்லுங்க. ஆமாம், என்றார் லோகநாதன். நீங்க தைரியமா இருங்க சார், ஒண்ணும் ஆகாது, நான் கீழ டாக்டரைப் பார்த்துட்டு வந்தர்றேன், எதுன்னாலும் போன் பண்ணுங்க. தோளில் தட்டினான். சரிந்த தோளில். படியிறங்கிப் போகிற அவன் காலடிச் சத்தமும் ஓய்ந்ததும் மறுபடியும் அந்தக் கதவு மட்டும் இருந்தது.

எவ்வளவு நேரமாயிற்று? ஒரு டப்பாவை நிரப்ப இவ்வளவு நேரமா. சிறுநீர் வராமல் இருக்கலாம், அப்படியும் ஆகும், முதலில் கறுக்கும், பிறகு குறையும், பிறகு நின்றுபோகும், அது அவருக்குத் தெரியும், நிறையத் தெரியும், தேவைப்படாத நேரத்தில் எல்லாமே தெரிகிறது. அவளுடைய ரத்தம் இப்போது எங்கே எங்கே கசிந்துகொண்டிருக்கும்? காலில் கசிந்ததைப் பார்க்க முடிகிறது, சேலையைத் தூக்கிப் பார்க்கலாம். உள்ளே கசிவதற்குத் தூக்கிப் பார்க்கச் சேலை இல்லை. மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள், அவற்றின் சுவரை அவளுடைய உடம்பே எதிரி என்று நினைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறது, உள்ளே வந்தது எதிரியா வேண்டியவரா என்று அதற்கு அடையாளம் தெரியவில்லை, வேண்டியவர் கையால்தானே வந்தது. மூன்று நாள். முதல் புள்ளியிலேயே நிறுத்தியிருந்தால் தோலோடு போயிருக்குமா? போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லமாட்டார், அந்த உறுதியின்மைக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று மனம் உடனே ஓடிப்போய்ப் பார்த்தது, பார்த்த மனத்தை அவர் வெறுத்தார், வெறுத்தவரை இன்னொருவர் தள்ளி நின்று, நல்லா வெறுக்கிறாய் என்று பாராட்டினார், இதற்கு முடிவே இல்லை. உள்ளே விழுந்திருப்பாளா? வசந்தா, என்று கூப்பிட்டார். கதவில் காதை வைத்தார். பிளாஸ்டிக் மெல்லிசு, தகடு மாதிரி, உள்ளே அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது, கதவுக்கு ரொம்பப் பக்கத்தில், அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறவளின் மூச்சு. அவளுக்கும் இந்தப் பக்கத்து மூச்சு கேட்டிருக்கும். மூச்சு கேட்டிருந்தால் பேச்சும் கேட்டிருக்கும். காதைக் கதவிலிருந்து எடுத்தார். ஏ புள்ள, என்றார் இன்னும் மெதுவாக, முடிஞ்சுதா? தாழ்ப்பாள் நகர்ந்தது.

அவள் வாசலில் நின்றாள், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்திருந்தாள், அதன்மேல் கைக்குட்டையைச் சுற்றியிருந்தாள். "உள்ள லைட் இல்லை. நான் பார்க்கல," என்றாள். "நீங்க பார்த்துச் சொல்லுங்க." டப்பாவை நீட்டினாள். வாங்கினார். சூடாக இருந்தது, அவள் உடம்பின் சூடு, அது ஒன்றும் வித்தியாசமாக இல்லை, கல்யாணமான நாளிலிருந்து தெரிந்த சூடு. கைக்குட்டையின் முனையைப் பிடித்தார், பிரிக்கவில்லை. பரவாயில்லை என்ற சொல் தயாராக இருந்தது, பிரிப்பதற்கு முன்பே நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது, அரைப்படி இறங்கிய குரலோடு. அவள் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரான்சிஸ்கிட்டச் சொன்ன மாதிரி எனக்குச் சொல்லிறாதீங்க," என்றாள். "என்ன நெறமோ அதைச் சொல்லுங்க, போதும்."

நாற்காலியில் இருந்த பெரியவர் பஞ்சை எடுத்து ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தார். லோகநாதன் கைக்குட்டையைப் பிரித்தார். நடைவழி ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார், வெளிச்சம் அதற்குள் போகவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். போகவில்லை.

"வரக்காப்பி," என்றார்.

"நேத்தைக்கு மாதிரியா?"

"நேத்தைவிட."

வசந்தாமணி தலையை ஆட்டினாள், கடைக்காரன் விலை சொன்னதும் ஆட்டுவாளே அப்படி, சம்மதமும் இல்லை மறுப்பும் இல்லை. கீழே எங்கோ ஆம்புலன்ஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கிற சத்தம் கேட்டு நின்றது. அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கித் தன் காலைத் தானே பார்த்துக்கொண்டாள், பிறகு இறக்கிவிட்டாள்.

"அன்னிக்குக் கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தப்ப," என்றாள், "கட்டைவெரல்ல அமுத்திப் பார்த்தீங்களே. அப்பவே தெரிஞ்சுதுங்களா?"

தெரியல என்பதுதான் பதில். அது உண்மை, நேற்றிலிருந்து தோண்டித் தோண்டிப் பார்த்து அவர் கண்டுபிடித்த ஒரே உண்மை, திரைச்சீலையின் நிறம்கூடத் தெரியாத ஆளுக்கு வேறென்ன தெரியும். ஆனால் அந்த உண்மையைச் சொன்னால் அது பொய்யின் வேலையைத்தான் செய்யும், இவரைத் தூக்கி அந்த வசதியான இடத்திலேயே திரும்ப உட்காரவைத்துவிடும். அவள் வலி பொறுக்காமல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினாள்.

"என்னமோன்னு தோணுச்சு," என்றார்.

"தோணியும் குடுத்தீங்க." கேள்வியாகக் கேட்கவில்லை.

"கோர்ஸை முடிக்கணும்னு..."

"முடிச்சுட்டனுங்களே," என்றாள் வசந்தாமணி.

கவுன்டரிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, குடுத்தர்றீங்களா? கீழருந்து டாக்டர் கேட்டு அனுப்பினாங்க. மாத்திரை அட்டை இருந்தா அதையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"இருக்குது கண்ணு, வாரேன்." அவள் இவர் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள், அவர் அணைத்திருந்த பையை எடுத்துக்கொண்டாள். பிறகு, சட்டையைத் துவைக்கப் போடுவதற்கு முன்னால் பஸ் டிக்கெட்டையும் சில்லறையையும் எடுக்கிற அதே இரண்டு விரலால், அவர் சட்டைப்பையின் விளிம்பில் வெள்ளியாக நீட்டிக்கொண்டிருந்த அட்டையை உருவினாள். உருவும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு காலை வைத்து, இன்னொரு காலை அதன் பக்கத்தில் சேர்த்து வைத்து, மறுபடியும் ஒரு காலை வைத்து, கவுன்டரை நோக்கிப் போனாள். லோகநாதனின் கை, பை இருந்த இடத்தில், பையைப் பிடிக்கிற மாதிரியே மடங்கி நின்றது. பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்பதுபோல விரல்கள் ஒருமுறை திறந்து மூடின. கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலின் மேல் ஏறி, அழுத்தியது. எடுத்தது. அழுத்திய இடம் வெளுத்து, மெல்லச் சிவந்தது.